பெருவிரல் ஸ்பிளின்ட் எலும்பில் குத்துகிறதா?

முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவுக்கு டி குவெர்வைன் வலி, அதாவது பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் தசைநாண் வலி. பெருவிரலை அசையாமல் பிடிக்க, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையில் வார்த்து நீங்கள் செய்த ஸ்பிளின்ட் மணிக்கட்டில் குத்துகிறது, இரண்டே நாளில் கழற்றிவிட்டார் என்கிறீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் சறுக்குவதும் இங்கேதான்.

வார்த்து முடித்த பிறகு உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டினீர்களா? அது இடத்தை இன்னும் இறுக்கத்தான் செய்யும். பெருவிரல் பக்கத்து எலும்பு மேட்டில் முதலில் ஸ்பாஞ்சை வையுங்கள். தகட்டை அதன்மேல் வார்த்து, ஆறியதும் அதே ஸ்பாஞ்சை உட்புறம் ஒட்டுங்கள். பெரும்பாலான தகடுகளுக்கு 65–70 டிகிரி வெந்நீர் போதும். துண்டில் ஒற்றி, உங்கள் கையில் சூடு பார்த்த பிறகே அவர் கையில். ஓரங்களை வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். பெருவிரல் நுனி மூட்டு அசையட்டும். கழற்றி 20 நிமிடமாகியும் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். பெருவிரலின் பின்பக்கம் மரத்துப்போனால் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம்.

அப்புறம், குத்தியதால் மட்டும் கழற்றியிருக்க மாட்டார். இலையை உருட்டுவதே பெருவிரல். அதைக் கட்டிவிட்டால் கூலி? வேலை நேரத்துக்குத் துணிப்பட்டை, ராத்திரிக்கு இந்த ஸ்பிளின்ட் என்று பேசிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள், நம்மூர் சித்திரைக்குக் கோணிவிடும்.