மாமிக்கு விழா எதற்கு?

கேள்வி: என் மாமிக்கு 73 வயது. மாமா காலமான பிறகு அவர் படலையைத் தாண்டுவதே இல்லை; விறாந்தையில் இருந்தபடி பொழுதைக் கழிக்கிறார். இளவேனிற் காலத்தில் முதியவர்களைப் பகல் வெயிலில் நடக்கவிட வேண்டும், பூங்காவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும் என்று கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு குறிப்பை அனுப்பியிருக்கிறார். கைபேசி வாங்கக் காசும் அனுப்பியிருக்கிறார். எங்கள் சனசமூக நிலையத்தில் சித்திரைப் புத்தாண்டையொட்டி முதியோர் கௌரவிப்பு விழா நடத்த எண்ணியுள்ளோம். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: மச்சாளின் அக்கறையில் குறையில்லை, அந்தக் குறிப்பு அவர் வாழும் நாட்டின் பருவத்துக்குப் பொருந்தும். மாதக்கணக்கில் பனியால் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்குத்தான் ஏப்ரல் வெயில் மருந்து. வன்னியில் முதியவர்களை அடைத்து வைப்பது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையும் ஒழுங்கைச் சேறும். காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பிறகுதான் எங்கள் ஊர்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஓய்வு கிடைக்கிறது. கோயில் பொங்கல்களும் அதையொட்டியே வரிசையாக வருகின்றன. ஆகவே காலம் நல்ல காலம், நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். வயது ஏறத் தாகம் எடுப்பது குறையும், உடலுக்குச் சூட்டைத் தணிக்கும் வலுவும் குறையும். மாமியின் நடமாட்டம் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ மாலை வெயில் தாழ்ந்த பின்னரோ இருக்கட்டும், கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு.

இனி உங்கள் விழா. மன்னிக்க வேண்டும், அதை நான் ஆதரிக்கவில்லை. இப்படியான விழாக்கள் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்: ஒன்பது மணிக்கென்று அழைக்கப்பட்ட முதியவர்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருக்க, பதினொரு மணிக்கு வந்து சேரும் பிரதம விருந்தினர் அவர்களைப் பார்த்து அல்லாமல் படம் எடுப்பவரைப் பார்த்துப் பேசுவார், பின்னர் ஒரு பொன்னாடை, ஒரு பொதி, ஒரு சோற்றுப் பார்சல். பக்கத்துக் கதிரையில் இருந்தவரோடு நாலு வார்த்தை பேச ஒலிபெருக்கி விட்டிருக்காது. மறுநாள் மாமி அதே விறாந்தையில்தான் இருப்பார்.

அவருக்கு இல்லாமற்போனது மரியாதை அல்ல, வெளிக்கிடுவதற்கான காரணம். மாமா இருந்தவரை அவருக்காகவும் அவரோடும் போய்வந்த இடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். இப்போது அவரை ஒருவரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் "நீங்கள் சும்மா இருங்கோ மாமி, நாங்கள் பார்க்கிறம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்கு அரைக்கும் பக்குவமும், நூறு பேருக்குப் பொங்க எத்தனை கொத்து அரிசி வேண்டும் என்ற கணக்கும் அவர் கைக்குள் இருக்கக்கூடும். அதைக் கேட்டு வர உங்கள் ஊர் இளம் பெண்களை அனுப்புங்கள். அல்லது அவரை அந்த அடுப்படிக்கு அழைத்துப் போங்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வருகிறது. பாக்குத்தெண்டல், சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்தல், அந்தக் கடல்நீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்தல் என்று அது பல நாட்களுக்கு நீளும் சடங்கு. பொங்கலன்று இரவு சனத்திரளுக்குள் மாமியைக் கூட்டிப் போய்க் களைக்க வைப்பதைவிட, நெரிசல் குறைந்த அந்த முன்னைய நாள் ஒன்றில் அழைத்துச் செல்வது நல்லது. பழைய முகங்களைக் கண்டு பேச அன்றுதான் வசதி.

கிளினிக்கையும் மறக்க வேண்டாம். மாமிக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்து, கொப்பியைக் கொடுத்து மருந்தை நீங்களே எடுத்து வருகிறீர்கள் என்றால், அன்பினால்தான் செய்கிறீர்கள்; ஆனால் மாதத்தில் அவர் வெளியே போகும் ஒரே நாளைப் பறித்துவிடுகிறீர்கள். விடியவே இலக்கம் எடுத்துவிட்டு வாங்கில் இருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் யாருடைய மகள் பிரான்சிலிருந்து வந்தாள், யார் வீட்டுக் கிணறு வற்றியது என்பதெல்லாம் பரிமாறப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் தடையாக நிற்பவை சிறிய காரியங்களே. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறமுடியாதவருக்கு ஆட்டோக் கூலி வேண்டும். விழாவுக்குச் சேர்த்த காசில் மாதம் இரண்டு தரம் நாலைந்து முதியவர்களை ஏற்றி இறக்க ஒரு ஆட்டோவைப் பேசிவிடுங்கள். போகும் இடத்தில் அவர் பாவிக்கக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அதற்குப் பயந்து வீட்டிலேயே நின்றுவிடும் பெண்கள் பலர், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். காதையும் பரிசோதியுங்கள். மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்டபோது, சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போவதும் செவிப்புலன் குறைவும் அதில் இடம்பெற்றன. இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு: சொன்னது விளங்காமல் சிரித்துச் சமாளித்துக் களைத்தவர், கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிடுவார். சிலருக்குக் காதுக்குள் இறுகிய குறும்பியை எடுத்தாலே போதும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபை அமைந்த பின்னர், கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உருவாகின. உங்கள் பிரிவில் அது இயங்குகிறதா, பெயரளவில் கிடக்கிறதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேட்டறியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இந்தப் பருவத்துக்குள்தான் மே மாதமும் வருகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவைப் பறிகொடுத்த ஒருவர் அந்நாட்களில் பேச்சைக் குறைத்தால், கலகலப்பாக்குகிறோம் என்று தொலைக்காட்சியைச் சத்தமாகப் போடாதீர்கள். நினைவேந்தலுக்குப் போக விரும்பினால் கூடப் போங்கள். கஞ்சி காய்ச்ச விரும்பினால் அரிசி எடுத்துக் கொடுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக உணவும் உறக்கமும் கெட்டு, ஒன்றிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஊர் சுற்றிக் காட்டுவது அதற்கு மருந்தல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கைபேசியை வாங்கிக் கொடுங்கள், அதில் தவறில்லை. மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியிடம் நேரே பேசட்டும், ஏதாவது ஒரு கறிக்குப் பக்குவம் கேட்கட்டும். உங்களிடம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் "அம்மாவிட்டக் குடுங்கோ" என்று அரை நிமிடம் சுகம் விசாரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.