வாசகர் கேள்விகள்: அரசு ஆலையின் புகை, முதலாளி ஆலையின் புகை

கேள்வி: லாப வெறிதான் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது, அரசே ஆலைகளை நடத்தினால் இந்தக் கேடு வராது என்கிறார் என் நண்பர். சரியா?
*வாசகர், கரூர்*

பதில்: இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது: பிளவுபட்ட ஜெர்மனி. இரு பக்கமும் ஒரே மொழி, இரு பக்கமும் பழுப்பு நிலக்கரி. சோஷலிசக் கிழக்கு ஜெர்மனி 1972லேயே சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்தது. மேற்கில் அது வந்தது 1986ல், செர்னோபில் விபத்துக்குப் பிறகு. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் ஜெயித்துவிடுவார்.

ஆனால் 1980களின் கடைசியில், சுமார் 1.6 கோடிப் பேர் வாழ்ந்த கிழக்கின் ஆலைகள் ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடைக் கக்கின; நிலக்கரியிலுள்ள கந்தகம் எரியும்போது வரும் நச்சு வாயு அது. உற்பத்தி இலக்கு வைப்பது அரசு, ஆலை நடத்துவது அரசு, அபராதம் போடுவதும் அரசு. பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனது, அவ்வளவுதான். போதாததற்கு 1982 நவம்பரில் சுற்றுச்சூழல் அளவீடுகளையே அமைச்சரவை ரகசியமாக்கியது. எவ்வளவு புகை என்று தெரியாத ஊரில் யார் போய்க் கேட்பது?

மேற்கின் முதலாளிகளும் தாங்களாக மனம் திருந்தவில்லை. புகையால் காடுகள் பட்டுப்போவதாக எழுந்த அச்சம் பெரிய அரசியல் பிரச்சினையானது. 1983ல் பசுமைக் கட்சி நாடாளுமன்றத்தில் நுழைந்தது. அதே ஆண்டு வந்த விதி, பெரிய அனல் மின்நிலையங்களுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 400 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு என்று வரம்பு கட்டியது. சில ஆண்டுகளிலேயே சுத்திகரிப்புக் கருவிகள் வந்துவிட்டன. ஆகவே ஆலை யாருடையது என்பதை விட, அளப்பவர் யார், அளந்தது வெளியே தெரிகிறதா, ஆலைக்கு வெளியே இருப்பவரால் அதை நிறுத்த முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 1990ல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் கிழக்கில் புகை வேகமாகக் குறைந்ததற்கு ஏராளமான ஆலைகள் மூடப்பட்டதும் காரணம். முழுப் பெருமையும் சந்தைக்குச் சேராது.

கேள்வி: மாசுபடுத்தும் உரிமையை வாங்கலாம், விற்கலாம் என்பது பணக்காரனுக்குக் கொடுக்கும் லைசென்ஸ் இல்லையா?
*வாசகர், திருநெல்வேலி*

பதில்: வரம்பு இல்லாவிட்டால் அப்படித்தான். அமெரிக்காவின் 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தம், மின்நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு முதலில் நாடு முழுவதற்கும் மொத்த வரம்பை வைத்தது. ஒரு டன்னுக்கு ஒரு அனுமதி. புகைபோக்கியிலேயே இடைவிடாமல் அளக்கும் கருவி கட்டாயம். அனுமதிக்கு மேல் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம், அடுத்த ஆண்டு அதே அளவைக் குறைத்தும் ஆகவேண்டும். 1990களில் அனுமதியின் சந்தை விலை பெரும்பாலும் 200 டாலருக்குக் கீழேதான் இருந்தது. அதனால் ஏமாற்றுவதை விட வாங்குவது மலிவு. பல நிலையங்கள் சுத்திகரிப்புக் கருவியே வைக்காமல், வயோமிங் மாநிலத்திலிருந்து ரயிலில் வந்த கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறின. எந்தத் திட்டக்குழுவும் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்காது. குறையும் உண்டு: மொத்தம் குறைந்தாலும், அனுமதி வாங்கிக் குவித்த நிலையத்துக்குப் பக்கத்து ஊர் அதே புகையைத்தான் சுவாசிக்கும்.

கேள்வி: இந்திய அனல் மின்நிலையங்கள் பலவற்றில் கந்தகப் புகையைப் பிடிக்கும் சுத்திகரிப்புக் கருவி ஏன் வரவில்லை?
*வாசகர், நெய்வேலி*

பதில்: 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு 2017ல் தொடங்கித் தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். தாமதித்தவற்றில் அரசு நிலையங்களும் உண்டு, தனியாரும் உண்டு.

கருவி ஒன்றும் மாயமில்லை. சுண்ணாம்புக்கல் தூளைத் தண்ணீரில் கரைத்துப் புகையின் மேல் தெளிப்பார்கள். கந்தகம் ஜிப்சமாக மாறிவிடும். ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கக் குறைந்தது 1.6 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும், ஏறக்குறைய 2.7 டன் ஜிப்சம் வரும். அதை எடுத்துக்கொள்ள சிமென்ட் ஆலை பக்கத்தில் இல்லையென்றால் குவியல்தான். தெளிப்புக் குழாய்களில் படிவு அடைக்கும், குளோரைடு உலோகத்தை அரிக்கும், நிலையத்தின் மின்சாரத்தில் சுமார் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தைக் கருவியே தின்றுவிடும். அதனால் கருவியை மாட்டிய பிறகும் நிறுத்திவைக்க ஆசை வரும், குறிப்பாக இரவில். உங்கள் பக்கத்து நிலையத்தில் கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டன் சுண்ணாம்புக்கல் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அரசு நிலையமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகவே கேட்கலாம். தனியார் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ள ஆவணங்களைக் கேட்டு மனுப் போடுங்கள்.