பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கிளச் பெடல் தரையோடு போகிறது. ஏர் எடுத்தால் சரியாகுமா? அதை நானே செய்யலாமா?

நீங்களே செய்யலாம். ஆனால் ஏர் எடுப்பதற்கு, அதாவது கிளச்சின் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு முன்னால், அந்த ஏர் எந்த வழியாக உள்ளே போனது என்று கண்டுபிடியுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஆறு வருடத்துக்கு முன்னால் நான் தெண்டம் அழுதிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்த எரிச்சல் மறுபடி வந்துவிட்டது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் எழுதியது மூன்றே வரி. பெடல் மெத்தென்று இருக்கிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் கியர் விழுகிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். வெளிநாட்டில் வேலைக்கு வந்த இடத்தில் ஆசைப்பட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், கையில் பெரிய தொகை இல்லை, தெரிந்த மெக்கானிக்கும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். என் கார் 1990 மாடல். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற அதே எம்எக்ஸ்-5. அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இந்த ஊருக்கு நிறைய இறக்குமதி ஆகியிருக்கின்றன. 1600 சிசி எஞ்சின், இரண்டே சீட்டு, எடை சுமார் 940 கிலோ. பெரிய சக்தி கிடையாது. ஆனால் கியர் லிவர் நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் கியர் விழும். குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்று என்ற பொருளில் ஜப்பானியர்கள் ‘ஜின்பா இத்தாய்’ என்பார்கள். மாஸ்டா இந்தக் காரைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அது. அப்படிப்பட்ட காரில் கிளச் சரியில்லை என்றால் ஓட்டும் சந்தோஷமே போய்விடும்.

ஒரு அக்டோபர் மாதம், மழை, வேலை முடிந்து வரும் நேரம். ரவுண்டானாவில் நிறுத்திவிட்டு மறுபடி முதல் கியர் போடப் பார்த்தால் பெடல் சத்தமில்லாமல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஹாரன். எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, அந்தக் கியரிலேயே ஸ்டார்ட் செய்தேன். கார் குதித்துக் கிளம்பியது. கிளச் இல்லாமலே வேகத்தைப் பார்த்து கியர் மாற்றி வீடு வந்து சேர்ந்தேன். இதை யாரும் பழக்கமாக்க வேண்டாம், வேறு வழியில்லாமல் செய்தது.

மறுநாள் பக்கத்தில் ஒரு கராஜில் விட்டேன். பெயர் வேண்டாம். "ஏர் இருக்கிறது" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்கள், 60 பவுண்டு. இரண்டு வாரம் ஓடியது. மறுபடி பெடல் தரையில். மறுபடி அவர்களிடமே போனேன், மறுபடி 60 பவுண்டு. இந்த முறை ஒன்பது நாள். மூன்றாவது தடவை இன்னொரு இடத்துக்குப் போனேன். அங்கே பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, கிளச் பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 650 பவுண்டு ஆகும் என்றார்கள். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் அப்பாவே மெக்கானிக். ஆனால் அந்த மூன்று தடவையும் காருக்கு அடியில் குனிந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் அம்பாசிடர் கார்கள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எஞ்சின் வேகம் ஏறி வண்டி ஏறாம இருக்குதா?"

"இல்லீங்கப்பா, இழுவை நல்லா இருக்குது. கியர்தான் விழ மாட்டேங்குது."

"அப்ப பிளேட்டுக்கு ஏன் போறாங்க? பிளேட்டு தேஞ்சா வழுக்கும். இது கிளச் பிரியவே இல்ல. ஆயில் வெளிய வர்ற வழியிலதான் கண்ணு ஏர் உள்ள போகும். மொதல்ல அது எங்கேன்னு பாரு."

இது நூற்றுக்கு நூறு எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. கிளச் ஃபோர்க் (கிளச்சைப் பிரிக்கும் நெம்புகோல்) விரிசல் விட்டாலும் கியர் விழாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அவர் சொன்னதுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது, அது ஃபோர்க்கைத் தள்ளி கிளச்சைப் பிரிக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தாலும் உங்கள் கால் தள்ளிய தூரத்தை அந்தக் காற்றே விழுங்கிவிடும்.

இந்தக் காரில் கிளச்சுக்குத் தனியாகச் சின்ன ஆயில் டப்பா உண்டு, பிரேக்கோடு சேர்ந்தது கிடையாது. அதனால் ஆயில் குறைவது சீக்கிரம் தெரியும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வலப்பக்கம், இரண்டு போல்ட்டில் நிற்கும். காரை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வைத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், தயவுசெய்து) ஸ்லேவின் முனையில் இருக்கும் ரப்பர் உறையின் ஓரத்தை விரலால் விலக்கினேன். கறுப்பாக ஆயில் சொட்டியது. 120 பவுண்டு கொடுத்தும் தெரியாமல் இருந்த விஷயம் ஒரு நிமிடத்தில் தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரை அரிக்கும், அரித்த சுவரில், பிஸ்டனில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் உரசி உரசிக் கிழியும். கிழிந்த கப் மிதிக்கும்போது ஆயிலை வெளியே விடும், திரும்பும்போது காற்றை உள்ளே இழுக்கும். இந்த நிலையில் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அடுத்த வாரம் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

புது ஸ்லேவ் சிலிண்டர் அப்போது எனக்கு 30 பவுண்டு சொச்சம்தான் ஆனது.

இப்போது ஏர் எடுக்கும் கதை. அப்பா சீட்டில், நான் அடியில். ஸ்லேவில் காற்றை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள். அதற்கு என் காரில் 8 மி.மீ. ரிங் ஸ்பானர். நிப்பிளில் ஒரு தெளிவான டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முங்கி இருந்தது. "அழுத்துங்க" என்பேன், அவர் அழுத்திவிட்டு "பிடிச்சிருக்கேன்" என்பார், நான் நிப்பிளைத் திறந்து மூடிவிட்டு "விடுங்க" என்பேன். இந்த வரிசை ஒரு தடவை பிசகினாலும், அதாவது நிப்பிள் மூடும் முன் பெடலை விட்டாலும், வெளியே போன காற்று அப்படியே திரும்பி வரும். பிரேக் ஏர் எடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும்: நிப்பிளைத் திறந்ததும் கிளச் பெடல் தரையில் விழும், பெரும்பாலும் தானாக எழுந்து வராது. கையால் தூக்கிவிட வேண்டும். அப்பா இதை முதல் தடவையிலேயே கண்டுபிடித்து, கால் விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது காலியானால் ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

நாற்பது நிமிடம் இப்படிச் செய்தோம். டியூபில் குமிழ் நின்றுவிட்டது. ஆனால் பெடல் பாதியில்தான் பிடித்தது. நான் சோர்ந்துபோய் அந்த 650 பவுண்டைக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்பா இறங்கி வந்து ஸ்லேவைத் தடவிப் பார்த்தார். "காத்து மேலதான் போகும். உள்ளாற மூலையில நின்னுக்கிச்சு. கழட்டித் தூக்கிப் பிடி" என்றார். ஹோஸைக் கழற்றாமல், இரண்டு போல்ட்டையும் மட்டும் எடுத்து, நிப்பிள் உச்சியில் வருகிற மாதிரி ஸ்லேவைச் சாய்த்துப் பிடித்தேன். பிஸ்டனைக் கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாக உள்ளே தள்ளினேன். மேலே டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா "வருது, வருது" என்றார். குமிழ் குமிழாக ஏறியதாம். நாலைந்து தடவை அப்படித் தள்ளிவிட்டு, மாட்டி, சாதாரண முறையில் இரண்டு தடவை எடுத்தோம். பெடல் கல் மாதிரி நின்றது. அந்தச் சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை.

ஸ்லேவ் தொங்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். பிஸ்டன் உள்ளே போகவே மறுத்தால், பெடலில் ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ஓய்வில் இருக்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் மாஸ்டருக்குள் இருக்கும் சின்னத் துளை திறந்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். அந்த ஆட்டம் இல்லாமல், பெடலிலிருந்து மாஸ்டருக்குப் போகும் ராடை இறுக்கி வைத்திருந்தால் கிளச் பின்னாளில் வழுக்கவும் செய்யும்.

வாக்குவம் பம்ப் வாங்கினால் ஒரு ஆளே செய்யலாமே என்று யாராவது எழுதுவார்கள். செய்யலாம், நானும் பிறகு வாங்கினேன். ஆனால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றை அது இழுக்கும், டியூபில் முடிவில்லாமல் குமிழ் வரும், உள்ளே காற்று இருப்பதாக நினைத்து ஆயிலை வீணாக்குவீர்கள். மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் ஓரளவு நிற்கும். அப்புறம் அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம், ஸ்லேவ் வலப்பக்கம், குழாய் காரின் குறுக்கே போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

நான் செய்த தப்பு ஒன்று. மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் பழையதையே விட்டேன். நாலு மாதத்தில் பெடலுக்கு மேலே இருந்து ஆயில் வழிந்து மேட் நனைந்தது. போனில் சொன்னபோது அப்பா விளக்கினார்: தினமும் ஓட்டும்போது பிஸ்டன் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் போய்வரும், அதைத் தாண்டிய இடம் துருப்பிடித்துக் கிடக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் ஏறிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தால் தப்பியிருக்கலாம். முடிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இங்கே இருந்தபோது சொந்தக்காரர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் என் அப்பாவை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது "டிரான்ஸ்போர்ட் லைனில் இருந்தவர்" என்றார். மெக்கானிக் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நானும் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியவன்தான். நம் ஆட்கள் பொறியியல் படித்த பிள்ளைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஸ்பானர் பிடித்த கையைப் பற்றிப் பேச மாட்டார்கள். மூன்று தடவையும் யாரும் குனிந்து பாராத பழுதை 71 வயதில் அவர் பார்க்கச் சொன்னார். இதை எங்காவது எழுதவேண்டும் என்று இருந்தேன், இங்கே எழுதிவிட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் ஆயில் வாங்கும்போது டாட் 4 என்ற ரகம், சீல் உடைக்காத டப்பா. டாட் 5 வேண்டாம், அது சிலிக்கோன், இதோடு சேராது. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவரும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, பெடலை மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் முழுதாகப் பிரிகிறது.

ஆனால் இது எதையும் இன்றைக்குச் செய்ய வேண்டாம். முதலில் காருக்குள் பெடலுக்கு மேலே கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அப்புறம் அடியில் போய் ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். எது நனைந்திருக்கிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். அப்பாவிடமும் கேட்டுச் சொல்கிறேன்.