நாடி தடுமாறினால் நினைவும் தடுமாறுமா? வேலூர் வட்டார வாசகர்களுக்கு இதய மருத்துவரின் பதில்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 71 வயது, தறி நெய்தவர். ஈசிஜி பார்த்து ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். கொஞ்ச நாளாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். வயதா, இதயமா?

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பரிசோதித்து 1997-ல் வெளிவந்த ஆய்விலேயே, இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் டிமென்ஷியா எனும் மறதி நோய் அதிகம் காணப்பட்டது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையின் ஓரப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. பெரிய ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பொடித் துணுக்குகள் போனால் கை கால் விழாது, வாய் கோணாது. வீட்டில் யாருக்கும் தெரியாமலேயே மூளையில் தழும்பு விழும். சுவிட்சர்லாந்தில் இத்தகைய 1,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதமே வந்ததில்லை என்றவர்களிலும் பலருக்கு அந்தத் தழும்புகள் இருந்தன. தழும்பு உள்ளவர்கள் நினைவுச் சோதனையில் பின்தங்கினார்கள்.

ஆனால் உங்கள் அப்பாவின் மறதிக்கு இதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, காது கேட்கிறதா, மனச்சோர்வு உண்டா, தூக்க மாத்திரை போடுகிறாரா என்று எல்லாம் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகம் சுரந்தால் துடிப்பும் கெடும், புத்தியும் குழம்பும், அது சரிசெய்யக்கூடியது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஆரணி வாசகர்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டால் மறதி வராது என்கிறார்களே?

பக்கவாதத்தைத் தடுக்கும்; அதில் சந்தேகமே இல்லை. மறதி விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. சுவீடனில் 4.4 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது (2018), மாத்திரை போட்டவர்களுக்கு டிமென்ஷியா 29 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் யாருக்கு மாத்திரை தரப்பட்டது, யார் ஒழுங்காகப் போட்டார்கள் என்பதே முடிவைச் சாய்த்துவிடலாம். கனடா மருத்துவர்கள் 62 வயதுக்கு உட்பட்ட, பக்கவாத அபாயம் குறைந்தவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ரிவரோக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றலில் பலன் தெரியவில்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி 2024-ல் அறிவித்தார்கள். ஆகவே பக்கவாத அபாயம் இருப்பதால் உங்களுக்கு எழுதித் தந்திருந்தால், அந்தக் காரணமே போதும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேலூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி: இதே தொடர்பை நம் கிராமங்களில் ஆராய விரும்புகிறேன். எங்கே கவனம் வேண்டும்?

உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த வேலையைப் படியுங்கள். 10/66 என்ற பன்னாட்டுக் குழு கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களிலும் முதியவர்களைச் சோதித்தது. 2008-ல் வந்த முடிவுகளில், அமெரிக்க மனநல அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. நம் பாட்டிகளுக்கு மறதியே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. படிப்பறிவைச் சாராத அக்குழுவின் சொந்த அளவுகோலில் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. அமெரிக்க அளவுகோலில் அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும். இங்கே மருமகள் சோறு போட்டு, பேரன் கைபிடித்துக் கூட்டிப்போனால், வேலை கெட்டது யார் கண்ணில் படும்? ‘பாட்டி நல்லாத்தான் இருக்காங்க’ என்பார்கள்.

அதனால் பள்ளிக்கூடம் போகாதவரிடம் எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள், படம் வரையச் சொல்லாதீர்கள். பத்து வார்த்தைகளை வாயால் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். தேதி கேட்காமல், இது எந்தத் தமிழ் மாதம், அமாவாசை போய்விட்டதா என்று கேளுங்கள். வீட்டாரிடம் ‘மறதி உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. பஸ்ஸில் சில்லறை சரியாக வாங்குகிறாரா, சொல்லியனுப்பிய சேதியைச் சரியாகச் சொல்கிறாரா என்று கேளுங்கள். கண்புரையையும் காதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இதயப் பக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தத் துடிப்பு பலருக்கு வந்து வந்து போகும். ஒரே ஒரு ஈசிஜி சரியாக இருந்தால் நோயில்லை என்று எழுதிவிடாதீர்கள். முடிந்தால் ஹோல்டர் (உடலோடு மாட்டும் சிறிய ஈசிஜி கருவி) மாட்டி 24 மணி நேரமாவது பதிவு செய்யுங்கள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, நாற்பது வயதிலேயே துடிப்பு கெட்டவர்கள் நம்மிடம் உண்டு. ஐரோப்பிய ஆய்வுகளில் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, மருந்துகூட வேறு. ருமாட்டிக் வால்வு நோயில் ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரையே மேல் என்று 2022-ல் தெரிந்தது. எது முந்தியது, துடிப்பா மறதியா என்பதை ஒவ்வொருவரிடமும் எழுதி வையுங்கள். அது இல்லாமல் காரணம் பேச முடியாது.

அணைக்கட்டு வாசகி: ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறேன். முருங்கைக்கீரையை விட்டுவிடட்டுமா?

வேண்டாம். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்று, மறு வாரம் அடியோடு நிறுத்துவதுதான் ஐ.என்.ஆரை, அதாவது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவை, குலைக்கும். நாட்டு மருந்து எடுத்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். துடிப்பு கொஞ்சமும் ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னுமாக வந்தால், படபடப்பு இல்லாவிட்டாலும் ஈசிஜி எடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பிரஷர் பார்க்க வரும்போது நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் பிரஷர் மிஷினின் ஒரு அளவை நம்பாமல், மூன்று முறையாவது எடுக்க வேண்டும்.