பாதிக் கட்டணம் என்றால் அது உதவித்தொகையா?

கேள்வி: சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய் என்று சான்றிதழ் இருக்கிறது. மகள் பத்தாவது வரை அரசுப் பள்ளியிலும், பிறகு தனியார் பள்ளியிலும் படித்து, பிளஸ் டூவில் 541 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டோம். இதற்கிடையில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கோவைக் கல்லூரி ஒன்றிலிருந்து போன் செய்து, "25,000 ரூபாய் முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேருங்கள், கல்விக் கட்டணம் 1,60,000. உங்கள் மகளுக்கு 50 சதவீத ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்கிறார்கள். சேர்க்கலாமா? வேறு உதவித்தொகை எதுவும் கிடைக்குமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த முன்பணத்தைக் கட்ட வேண்டாம். கல்லூரி தன் விலையைத் தானே ஏற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு தானே இறக்கினால், அது ஆடித் தள்ளுபடியே தவிர உதவித்தொகை ஆகாது. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தபோது, ஆண்டுக் கல்விக் கட்டணம் கலந்தாய்வு இடத்துக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்றும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000 ரூபாய் என்றும் வகுத்தது. உங்களுக்குச் சலுகை போகச் சொல்லப்பட்ட 80,000 ரூபாய் எந்தத் தொகையை ஒட்டி நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். இரண்டாம் ஆண்டிலும் அந்த 50 சதவீதம் தொடருமா, ஓர் அரியர் விழுந்தால் நிறுத்திவிடுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்க முயன்றாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

கட்டண வித்தியாசத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கலந்தாய்வில் சேருபவர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவுகள் நிர்வாக ஒதுக்கீட்டில் மூடிவிடுகின்றன. அவற்றில் முதலாவது, 2010-11 முதல் நடைமுறையில் இருக்கும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் இந்தச் சலுகை உங்கள் மகளுக்குப் பொருந்துகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வரும். அது கலந்தாய்வுச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்பதால் இந்த வாரமே போய்விடுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கும் கல்லூரி அலுவலகம் மூலமாக விண்ணப்பிக்கலாம்.

வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்களுக்குத்தான். கடைசி இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளிக்கு மாற்றியதால் உங்கள் மகளுக்கு இவை இரண்டும் இல்லை. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் அதன் விலையை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் இளைய பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், பிளஸ் ஒன்னுக்கு மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் உங்கள் மகளுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நடத்தும் பிரகதி திட்டம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு மிகாத, தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண்களில் தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. மற்றது, பிஎம்-யுஎஸ்பி என்ற பெயரில் உள்ள மத்தியத் துறை உதவித்தொகை. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் 80-வது பெர்சென்டைலுக்கு மேல், அதாவது முதல் 20 சதவீதத்துக்குள், இருப்பவர்களுக்கானது. வருமான வரம்பு 4.5 லட்சம், முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாயும், நான்காம் ஆண்டில் 20,000 ரூபாயும் கிடைக்கும். ஒன்றை வாங்கினால் மற்றொன்றை வாங்கக் கூடாது என்ற விதி இவற்றுக்கு உண்டு. இரண்டாவது திட்டம் மாநில அரசின் கட்டணத் தள்ளுபடியையும் ஓர் உதவியாகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே எதில் கூடுதலாக வருகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். பிரகதி உறுதியாகும்வரை கையில் இருக்கும் முதல் பட்டதாரி சலுகையை விட்டுவிட வேண்டாம்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். கணினிக்கு இந்த மூவரும் வேறு வேறு பெண்கள். மூன்றையும் மேசைமீது விரித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றை மாற்றுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். அது ஏழாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக் கொடுத்து, இப்போது முடங்கிக் கிடக்கும் கணக்காகக்கூட இருக்கலாம். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்க முடியும். விண்ணப்பித்த பிறகு, கல்லூரியில் அதற்கென உள்ள பொறுப்பு அலுவலர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினாரா என்று மகளையே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரி அளவிலேயே விண்ணப்பங்கள் தேங்கிப்போவதுண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டு விழுந்தால் கல்விக் கடன் வாங்குவதில் தவறில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்பிஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்புகளின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே செலுத்தும் திட்டம் இருக்கிறது. அதனால் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போதே அந்த அங்கீகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதிச் செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நடைமுறையில் கல்விக் கட்டணத்தை மிஞ்சிவிடக்கூடியது அதுதான். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதிகளில், 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுபவற்றில், தங்குமிடமும் உணவும் இலவசம். இடங்கள் குறைவு என்பதால், கல்லூரி எந்த ஊர் என்று உறுதியான மறுநாளே அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலரைப் போய்ப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சேர்க்கை ஆணை மூன்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.