பி.எஸ்சி நர்சிங்கா, டிப்ளமோவா? மகளை எதில் சேர்ப்பது?

மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு முடித்திருக்கிறாள். நான்கு வருட பி.எஸ்சி நர்சிங்கா, மூன்று வருட டிப்ளமோவா, இல்லை பக்கத்து ஊரில் ‘ஒரே வருடத்தில் நர்ஸ், வேலை உறுதி’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே, அதுவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து, பிறகு டிப்ளமோக்காரர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்தவள். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவிகள் எங்கள் வார்டில்தான் முதல் ஊசி போடுகிறார்கள்.

அந்த ஒரு வருடப் படிப்பை இப்போதே மறந்துவிடுங்கள். நர்ஸாக வேலை செய்ய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவுக்குக் கொண்டுபோகும் அடிப்படைப் படிப்புகள் மூன்று: இரண்டு வருட ஏ.என்.எம், மூன்று வருட ஜி.என்.எம் என்கிற டிப்ளமோ, நான்கு வருட பி.எஸ்சி. ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ என்று எந்தப் பெயரில் சான்றிதழ் கொடுத்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. அதைப் படித்த பெண்கள் சிறிய மருத்துவமனைகளில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எங்களைப் போலவே ராத்திரி முழுக்க ஓடுகிறார்கள். சம்பளம் பாதிகூட வராது, ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கான அரசுத் தேர்வும் எழுத முடியாது. இது தெரிந்தும் அந்தப் போஸ்டரை ஒட்டுகிறவர்கள் மீது எனக்கு மரியாதையே இல்லை.

ஏ.என்.எம் கிராமப்புறத் துணை சுகாதார நிலையப் பணிக்கான படிப்பு. தாய் சேய் நலம், தடுப்பூசி என்று ஊரோடு ஊராக இருக்க விரும்புகிறவர்களுக்கு நல்லது. உங்கள் மகளுக்கு உயிரியல் பாடமும் மதிப்பெண்ணும் இருப்பதால் மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

மதிப்பெண்ணும் வசதியும் இருந்தால் பி.எஸ்சிதான். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வைப் பி.எஸ்சி முடித்துப் பதிவு செய்தவுடனே எழுதலாம். டிப்ளமோ படித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். அந்த வேலையின் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது என்பதால் இது சின்ன வித்தியாசமல்ல. எம்.எஸ்சி படிக்கவும், கல்லூரியில் பாடம் நடத்தவும் பட்டம் வேண்டும். ஆனால் தமிழ்நாடு அரசு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு இரண்டு படிப்பும் ஒன்றுதான். வார்டில் யார் பட்டம், யார் டிப்ளமோ என்று நோயாளி கேட்பதில்லை, எல்லோரும் ‘சிஸ்டர்’தான். டிப்ளமோ முடித்தவர் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். எனவே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி சேர்ப்பதா, அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோ சேர்ப்பதா என்று வந்தால், யோசிக்காமல் அரசுப் பள்ளிக்கே அனுப்புவேன்.

காரணம் பணம் மட்டுமல்ல. நர்சிங் கற்றுக்கொடுப்பது நோயாளி. கல்லூரிக் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சொந்த மருத்துவமனை எது என்று கேட்டு, ஒரு சாதாரண நாளில் காலை பத்து மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கட்டில்கள் வரிசையாக இருக்கும். படுத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பிரசவ அறையில் பிரசவம் நடக்கிறதா? ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆய்வு நாளில் மட்டும் கட்டில் நிறையும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து இறுதியாண்டில் எங்களிடம் வரும் மாணவியிடம் வென்ஃப்ளான் (குளுக்கோஸ், மருந்து ஏற்றக் கையில் செருகும் ஊசிக்குழாய்) கொடுத்தால் கை நடுங்குகிறது. பொம்மைக் கையில் மட்டுமே குத்திப் பழகியிருக்கிறாள். வற்றிப்போன கிழவியின் கையில் நரம்பு உருண்டு நழுவும் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. மூன்றாவது வாரத்தில் அதே பெண் தட்டிப் பார்த்து, தோலை இழுத்துப் பிடித்து ஒரே குத்தில் போடுகிறாள். குறை அவளிடம் இல்லை.

மாநில ஒதுக்கீட்டு பி.எஸ்சி நர்சிங் இடங்களுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் தேவையில்லை. ஆனாலும் அவள் நீட் எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணை வீணாக்காதீர்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அது வேண்டும். ராணுவத்தில் படிப்பு இலவசம், முடித்ததும் லெப்டினன்ட் பதவி. பணி ஒப்பந்தத்தில் கையெழுத்து போட வேண்டும், திருமணமாகாத (அல்லது விவாகரத்தான, கணவரை இழந்த) பெண்களுக்கு மட்டும். 1946 முதல் பட்டப்படிப்பு நடத்தும் வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம்.

வெளிநாடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். வளைகுடா, ஜெர்மனி என்று எங்கே போவதானாலும் பதிவும் அனுபவமும் மொழியும்தான் கேட்பார்கள். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் அளவு. ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

இரவு டியூட்டியை நினைத்து அவள் பாட்டி தயங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரவு டியூட்டி உண்டு, தீபாவளியன்றும் உண்டு, ஒளித்துச் சேர்க்காதீர்கள். மருத்துவமனை பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். வார்டு வாசனையில் முகம் சுளித்தால் கவலைப்பட வேண்டாம், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். வெளியே வந்ததும் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுத்தில் ரசீது வாங்காமல் ஒரு தாளைக்கூட விடாதீர்கள். இடையில் நிற்க நேர்ந்தால் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன.