பென்சிலைப் போட்டுவிடும் பையன்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. கணக்கு கொஞ்சம் சிக்கினாலே 'எனக்கு வராதும்மா' என்று பென்சிலைப் போட்டுவிடுகிறான். நான் சொல்லிக்கொடுத்தால் உடனே புரிகிறது. தானாக முயற்சி செய்ய எப்படிப் பழக்குவது?

பதில்: 'நான் சொன்னால் உடனே புரிகிறது' என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. பென்சிலைப் போட்டால் அம்மா வருவார், விடையும் வரும். இதை அவன் கண்டுபிடித்து ரொம்ப நாளாகியிருக்கும். சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

'தொழுவத்தில் ஆடும் கோழியுமாக 8 தலை, 22 கால். எது எத்தனை?' என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுங்கள். 'தெரியல' என்பான். 'சரி, படம் போட்டுப் பாரேன்' என்பதற்கு மேல் பேச வேண்டாம். 8 வட்டம் போட்டு ஆளுக்கு இரண்டு கால் வரைந்தால் 16. மிச்சம் 6 காலை இரண்டிரண்டாகப் பங்கிட்டால் 3 ஆடு, 5 கோழி. இப்படித்தான் போட வேண்டும் என்றில்லை. சில பிள்ளைகள் 4 ஆடு, 4 கோழி என்று குத்துமதிப்பாக ஆரம்பித்து, 24 கால் வருகிறதே என்று ஓர் ஆட்டைக் கோழியாக்குவார்கள். அதுவும் அருமையான வழி. 'எக்ஸ், ஒய் போட்டா ஒரே நிமிஷம்' என்று வீட்டில் யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடியோடு நின்றுபோனால் உதவலாம். முதலில் 'இதுவரை என்ன தெரிஞ்சுது?' என்ற கேள்வி, அப்புறம் ஒரு குறிப்பு, செய்துகாட்டுவது கடைசியில்தான். அவன் கை ஓடத் தொடங்கியதும் நீங்கள் விலகிவிட வேண்டும். 1976-இல் உட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்த வகை உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் நின்றதும் சாரத்தை அவிழ்த்துவிடுவோம் அல்லவா?

நீங்கள் திணறுவதையும் அவன் பார்க்கட்டும். 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து பொம்மையை எடுக்கப் போராடி, கடைசியில் எடுத்ததைப் பார்த்த 15 மாதக் குழந்தைகள், தங்களிடம் தரப்பட்ட பொம்மையின் வேலை செய்யாத பட்டனை அதிகத் தடவை அழுத்தினார்கள். சட்டென்று எடுத்ததைப் பார்த்தவர்கள் அவ்வளவு அழுத்தவில்லை. பாட்டில் மூடி இறுகிக்கொண்டதா? 'சுடுதண்ணியில காட்டறேன்... ம்ஹூம். துணி வச்சுத் திருகிப் பாக்கறேன்' என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

பள்ளி விட்டு வந்த பசியில் இதெல்லாம் வேண்டாம். ஒருமுறை கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாமல் 'வராது' என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.